ஒவ்வோர் ஆண்டும் ஏன் புதிய ஊசி? இன்ஃபுளுவென்சா தடுப்பூசியை வகுப்பில் நடத்துவது குறித்து

தடுப்பூசி பாடத்தை நடத்துவது எளிது. எட்வர்டு ஜென்னர், மாட்டம்மை, சிறுவன் ஜேம்ஸ் பிப்ஸ், பிறகு லூயி பாஸ்டர், வெறிநாய்க்கடி என்று வரிசையாகச் சொன்னால் மாணவர்கள் கதை கேட்பது போலக் கேட்டுக்கொள்வார்கள். பெரியம்மை உலகை விட்டே ஒழிந்தது, போலியோ இந்தியாவை விட்டுப் போனது என்று முடித்தால் பாடமும் நிறைவாக முடிந்துவிடும். ஆனால் அப்படி முடிக்கும்போது, ‘ஊசி போட்டால் அந்த நோய் வரவே வராது’ என்ற எண்ணமும் பிள்ளைகள் மனதில் சேர்ந்தே பதிந்துவிடுகிறது. இந்த எண்ணத்துக்கு அடங்காத தடுப்பூசி ஒன்று உண்டு. அதுதான் ஃபுளூ என்று நாம் சொல்லும் இன்ஃபுளுவென்சா காய்ச்சலுக்கான தடுப்பூசி.

அதைத் தனியாக ஒரு பாடவேளை ஒதுக்கி நடத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம் உண்டு. பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு ரணஜன்னி, தொண்டை அடைப்பான் நோய்களுக்கான டி.டி. ஊசி போட ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து பள்ளிக்கு வருவது வழக்கம். அதற்கு முந்தைய வாரம் ஒரு மாணவன் என்னிடம் வந்து, “டீச்சர், எங்க வீட்ல வேண்டாம்னு சொல்லிட்டாங்க. போன வருசம் பாட்டிக்கு ஃபுளூ ஊசி போட்டாங்க. ரெண்டு மாசத்துல காய்ச்சல் வந்துருச்சு. இனிமே எந்த ஊசியும் வேண்டாங்குறார் அப்பா” என்றான். ஒரு தடுப்பூசியின் மீது வந்த சந்தேகம் எல்லாத் தடுப்பூசிகளுக்கும் பரவிவிட்டது. ஃபுளூ தடுப்பூசி எங்கே பலவீனமானது, ஏன் அப்படி, அதைச் சரிசெய்ய எண்பது ஆண்டுகளாக என்னென்ன செய்திருக்கிறார்கள் என்பதை உள்ளபடியே சொன்னால்தான் இந்தச் சந்தேகம் தெளியும். மழுப்பினால் தெளியாது.

பெயரில் தொடங்கும் குழப்பம்

1892-இல் ஜெர்மானிய அறிஞர் ரிச்சர்டு ஃபைஃபர், ஃபுளூ நோயாளிகளின் சளியில் ஒரு பாக்டீரியாவைக் கண்டார். அதுவே நோய்க்குக் காரணம் என்று முடிவு செய்தார். 1918-இல் உலகம் முழுவதும் ஃபுளூ கொள்ளைநோய் பரவியபோது மருத்துவர்கள் இதைத்தான் நம்பினார்கள். அந்த நோயால் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் என்பது மதிப்பீடு. அப்போதும் தடுப்பூசிகள் தயாரிக்கப்பட்டன. ஃபைஃபரின் பாக்டீரியாவையும் வேறு சில பாக்டீரியாக்களையும் கொன்று அவற்றைத் தயாரித்தார்கள். உண்மையான காரணமோ வைரஸ். பாக்டீரியாவுக்கான ஊசி அந்த வைரஸை எப்படித் தடுக்கும்?

அந்த பாக்டீரியாவின் பெயர் இன்றும் ‘ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுவென்சா’தான். நம் குழந்தைகளுக்கு ஒன்றரை மாதத்தில் தொடங்கிப் போடும் பென்டாவேலன்ட் ஊசியில் உள்ள ஐந்தில் ஒன்று, இதன் ‘பி’ வகைக்கு எதிரானது. மூளை உறைக் காய்ச்சலையும் நிமோனியாவையும் தடுப்பதற்காக அதைப் போடுகிறார்கள். ஃபுளூவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. தடுப்பூசி அட்டையில் ‘இன்ஃபுளுவென்சா’ என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, ஃபுளூ ஊசி ஏற்கெனவே போட்டாயிற்று என்று நினைக்கும் பெற்றோரை நான் சந்தித்திருக்கிறேன். ஃபுளூ தடுப்பூசி தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இல்லை. பெரும்பாலும் பணம் கொடுத்துத்தான் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இதை வகுப்பில் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது.

ஃபெரெட் தும்மியது

1933-இல் லண்டனில் வில்சன் ஸ்மித், கிறிஸ்டோஃபர் ஆண்ட்ரூஸ், பேட்ரிக் லெய்ட்லா மூவரும் ஃபுளூ வந்தவரின் தொண்டையைக் கழுவிய நீரை, பாக்டீரியாக்கள் புக முடியாத வடிகட்டியில் வடித்தார்கள். வடிந்த நீரை ஃபெரெட் என்ற, கீரி போன்ற சிறு விலங்கின் மூக்கில் விட்டார்கள். அதற்குக் காய்ச்சல் வந்தது, மூக்கு ஒழுகியது, தும்மியது. பாக்டீரியாவைவிடச் சிறிய ஏதோ ஒன்றுதான் காரணம் என்பது உறுதியானது. 1936-இல் அதே ஆய்வகத்தில் நோயுற்ற ஒரு ஃபெரெட், சார்லஸ் ஸ்டூவர்ட்-ஹாரிஸ் என்ற ஆய்வாளர் முகத்தில் தும்ம, அவருக்கும் ஃபுளூ வந்தது. அவரிடமிருந்தும் வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். மனிதனிலிருந்து விலங்குக்கும் விலங்கிலிருந்து மனிதனுக்கும் நோய் போய்வந்தது ஆய்வகத்திலேயே நிரூபணமாகிவிட்டது. இந்த இடத்தில் வகுப்பு சிரிக்கும். சிரிப்பு அடங்கியதும் “இந்தச் சோதனையில் வடிகட்டி எதற்கு?” என்று கேளுங்கள். அறிவியல் முறை என்பதற்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

வைரஸ் கிடைத்துவிட்டது. ஊசி மருந்து செய்ய அது ஏராளமாக வேண்டும். உயிருள்ள செல்லுக்குள்தான் வைரஸ் பெருகும். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் மக்ஃபார்லேன் பர்னெட் அதைக் கருவுற்ற கோழி முட்டையில் வளர்க்கும் வழியைச் செம்மைப்படுத்தினார். பத்துப் பதினோரு நாள் அடைகாத்த முட்டையின் ஓட்டில் சிறு துளையிட்டு, உள்ளே வைரஸைச் செலுத்தி, துளையை மூடி மீண்டும் வெதுவெதுப்பில் வைப்பார்கள். இரண்டு மூன்று நாளில் கருவைச் சூழ்ந்த நீரில் வைரஸ் கோடிக்கணக்கில் பெருகியிருக்கும். அந்த நீரை எடுத்து, வைரஸைப் பிரித்து, ஃபார்மலின் போன்ற வேதிப்பொருளால் செயலிழக்கச் செய்தால் அதுதான் மருந்தின் மூலப்பொருள்.

“சத்துணவு முட்டையில் வைரஸ் வளருமா டீச்சர்?” என்ற கேள்வி கட்டாயம் வரும். வளராது. அது கருவுறாத முட்டை, அதில் பிரிந்து வளரும் செல்கள் இல்லை. இந்தக் கேள்வியைத் தவறவிடாதீர்கள். வைரஸுக்கும் பாக்டீரியாவுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இந்த ஒரு பதிலில் அடங்கிவிடும்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஃபிரான்சிஸும் அவரிடம் பணிபுரிந்த ஜோனாஸ் சால்க்கும் முட்டையில் வளர்த்துச் செயலிழக்கச் செய்த ஃபுளூ தடுப்பூசியை உருவாக்கினார்கள். படைவீரர்களை முகாம்களில் நெருக்கமாகத் தங்கவைத்திருந்த காலம் அது. 1918-ஐ யாரும் மறந்திருக்கவில்லை. சோதனைகள் நன்றாக அமைந்தன. 1945-இல் தடுப்பூசிக்கு அனுமதி கிடைத்தது. சால்க் இங்கே கற்றுக்கொண்ட ஃபார்மலின் வித்தையைத்தான் பத்து ஆண்டுகள் கழித்துப் போலியோ ஊசியில் பயன்படுத்தினார்.

1947: ஊசி தோற்ற ஆண்டு

இரண்டே ஆண்டில் அந்த ஊசி தோற்றது. 1947-இல் ஃபுளூ வந்தபோது ஊசி போட்டவர்களும் போடாதவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் நோயுற்றார்கள். தயாரிப்பில் குறையில்லை. வைரஸ் மாறிவிட்டிருந்தது. என் பார்வையில் ஃபுளூ பாடத்தின் மையமே இந்த இடம்தான். பிந்தைய முயற்சிகள் எல்லாம் இந்தத் தோல்விக்குப் பதில் தேடியவையே.

ஃபுளூ வைரஸின் மேற்பரப்பில் இரண்டு வகைப் புரதங்கள் முட்கள் போல நிற்கின்றன. ஹீமக்ளூட்டினின் என்பது செல்லில் ஒட்டிக்கொள்ள உதவும். நியூராமினிடேஸ் என்பது புதிய வைரஸ்கள் செல்லிலிருந்து விடுபட உதவும். எச்1என்1, எச்3என்2 என்று செய்தித்தாள்களில் வரும் எச்-உம் என்-உம் இவைதான். நம் உடலின் எதிர்ப்பொருள்கள் பெரும்பாலும் ஹீமக்ளூட்டினினின் தலைப்பகுதியைத்தான் அடையாளம் வைத்துக்கொள்கின்றன. வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ. நகலெடுக்கப்படும்போது பிழைகள் நிறைய நேரும். அவற்றைச் சரிபார்த்துத் திருத்தும் ஏற்பாடு அதற்கு இல்லை. எழுதியதைத் திருப்பிப் பார்க்காமல் தாளைக் கொடுத்துவிடும் மாணவனைப் போன்றது அது. அந்தப் பிழைகளில் சில, தலைப்பகுதியின் உருவத்தைச் சற்றே மாற்றிவிடுகின்றன.

என் வகுப்பில் நான் சொல்லும் உவமை இது. காவல் நிலையச் சுவரில் திருடனின் படம் ஒட்டியிருக்கிறது. அவன் ஆண்டுக்கு ஆண்டு மீசையை எடுக்கிறான், முடியை மாற்றுகிறான், கண்ணாடி போடுகிறான். பழைய படத்தை வைத்துச் சில ஆண்டுகள் பிடிக்கலாம், பிறகு முடியாது. இது சிறு மாற்றம். திடீரென்று முற்றிலும் வேறொருவன் ஊருக்குள் வந்துவிட்டால் சுவரில் உள்ள எந்தப் படமும் உதவாது. இது பெருமாற்றம். ஃபுளூ வைரஸின் ஆர்.என்.ஏ. எட்டுத் தனித்தனித் துண்டுகளாக இருக்கிறது. மனித வைரஸும் பறவை வைரஸும் ஒரே செல்லுக்குள் புகுந்தால் துண்டுகள் கலந்து புதிய வைரஸ் பிறக்க வழியுண்டு. 1957, 1968 ஆண்டுகளின் கொள்ளைநோய்கள் அப்படிப் பிறந்தவை.

1957-இல் நடந்ததைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். அந்த ஆண்டு ஏப்ரலில் அமெரிக்க இராணுவ ஆய்வகத்தில் இருந்த மாரிஸ் ஹில்மன், ஹாங்காங் மருத்துவமனைகளில் காய்ச்சல்காரர்கள் வரிசையில் நிற்பதாக நாளிதழில் வந்த செய்தியைப் படித்தார். உடனே அங்கிருந்து மாதிரி வரவழைத்து வைரஸைப் பிரித்தார். பலரின் இரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, மிக முதியவர்கள் சிலரைத் தவிர யாரிடமும் அதற்கு எதிர்ப்பொருள் இல்லை. கொள்ளைநோய் வரப்போகிறது என்று அறிவித்து, மருந்து நிறுவனங்களைத் தயாரிப்பில் இறக்கினார். கூடவே, பண்ணைக்காரர்கள் சேவல்களை வழக்கம்போல் அறுத்துவிடக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினார். சேவல் இல்லாமல் கருவுற்ற முட்டை ஏது? அவ்வாண்டின் பிற்பகுதிக்குள் ஏறத்தாழ 4 கோடி டோஸ்கள் தயாராயின. அந்த வைரஸ் இந்தியாவுக்குள் நுழைந்தது நம் மதராஸ் துறைமுகம் வழியாகத்தான். மே மாதம் சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பலில் நோயாளிகள் இருந்தார்கள். குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் செயல்பட்ட இன்ஃபுளுவென்சா மையம் அந்த நோய்ப்பரவலை ஆராய்ந்தது. நீலகிரிக்குச் சுற்றுலா அழைத்துச் செல்லும்போது மாணவர்களுக்குச் சொல்ல இதுவும் ஒரு செய்தி.

ஊசி மேம்பட்ட வழிகள்

முதல் மேம்பாடு கண்காணிப்பு. உலக சுகாதார நிறுவனத்தின் வலையமைப்பு 1952 முதல் இயங்குகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் மையங்கள், இந்தியாவில் புனேவின் தேசிய வைராலஜி நிறுவனம் உட்பட, தங்கள் ஊரில் பரவும் வைரஸ்களைப் பிரித்து அனுப்புகின்றன. பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கும் செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கும் அடுத்த பருவத்துக்கான ஊசியில் எந்த வைரஸ்கள் இருக்க வேண்டும் என்று அறிஞர்கள் கூடி முடிவு செய்கிறார்கள். ‘ஏ/ஹாங்காங்/4801/2014 (எச்3என்2)’ என்பது அப்படித் தேர்வான ஒரு வைரஸின் முழுப்பெயர். வகை, ஊர், வரிசை எண், ஆண்டு, புரத எண்கள். வீட்டு முகவரியைப் போல இதை வாசிக்கச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். இந்தியாவுக்கு எந்த அரைக்கோளத்தின் ஊசி பொருந்தும் என்பது அழகான புவியியல் கேள்வி. வரைபடத்தில் நாம் வடக்கில் இருந்தாலும், ஸ்ரீநகர் போன்ற இடங்களில்தான் ஃபுளூ குளிர்காலத்தில் பரவுகிறது. நாட்டின் பெரும்பகுதியில் அது மழையோடு வருகிறது.

இரண்டாவது மேம்பாடு தூய்மை. தொடக்கக்கால ஊசிகளில் முட்டைப் புரதம் கலந்திருந்ததால் கை வீங்கும், காய்ச்சல் அடிக்கும். 1960-களில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் அணு ஆய்வகத்தில் உருவான அதிவேக மையவிலக்குச் சுழலி வைரஸைத் தனியே பிரித்தெடுக்க உதவியது. பிறகு வைரஸை முழுதாகச் செலுத்தாமல் உடைத்துச் செலுத்தும் முறை வந்தது. மூன்றாவது, விளைச்சல். இதை எட்வின் கில்போர்ன் சாதித்தார். அதைக் கட்டுரையின் இறுதியில் செயல்பாடாகவே தந்திருக்கிறேன்.

மூக்கில் தெளிக்கும் மருந்தையும் சொல்ல வேண்டும். மிச்சிகனில் ஹுனைன் மாசாப், வைரஸைப் படிப்படியாகக் குளிர்ச்சிக்குப் பழக்கி, 25 டிகிரி செல்சியஸில் நன்றாக வளரும்படி செய்தார். குளிர்ந்த மூக்கில் அது பெருகும், வெப்பமான நுரையீரலில் பெருகாது. உயிருள்ளது, ஆனால் நோய் தராது. ரஷ்யாவிலும் இதே வழியில் வேலை நடந்தது. ரஷ்ய வைரஸை அடிப்படையாகக் கொண்டு புனேவின் சீரம் நிறுவனம் 2009-இன் எச்1என்1 காய்ச்சலுக்கு எதிராக மூக்கு மருந்து தயாரித்தது.

முட்டைக்கும் குறை உண்டு. நேரம் பிடிக்கும். 2009-இல் ஜூன் மாதம் கொள்ளைநோய் என்று அறிவித்தார்கள். அமெரிக்காவில் ஊசி பெருமளவில் கைக்கு வருவதற்குள் இலையுதிர்கால அலை உச்சத்தைத் தொட்டுவிட்டது. இன்னொரு குறை நுட்பமானது. மனிதனின் தொண்டையில் வாழ்ந்த வைரஸ், முட்டையில் வளர்வதற்காகத் தன்னையே சற்று மாற்றிக்கொள்கிறது. அந்த மாற்றம் ஹீமக்ளூட்டினினின் தலையில் நேர்ந்தால், ஊசியில் இருப்பது ஒன்று, ஊரில் பரவுவது வேறொன்று என்றாகிவிடும். எச்3என்2 வகையில் இது அடிக்கடி நடக்கிறது. அதனால்தான் நாயின் சிறுநீரக செல்களில் வைரஸை வளர்க்கும் முறையும், வைரஸே இல்லாமல் பூச்சி செல்களில் ஹீமக்ளூட்டினினை மட்டும் தயாரிக்கும் முறையும் வந்தன. அமெரிக்காவில் முந்தையது 2012-லும் பிந்தையது 2013-லும் அனுமதி பெற்றன. முதியவர்களின் உடல் ஊசிக்குச் சரியாக எதிர்வினை காட்டாது என்பதால், வழக்கமான 15 மைக்ரோகிராமுக்குப் பதில் ஒவ்வொரு வைரஸுக்கும் 60 மைக்ரோகிராம் புரதம் உள்ள ஊசியும் பயன்பாட்டில் இருக்கிறது.

உள்ளபடி சொல்ல வேண்டியவை

1976-இல் அமெரிக்காவில் ஓர் இராணுவ முகாமில் பன்றி வைரஸ் தென்பட்டதும் 4 கோடிப் பேருக்கு மேல் அவசரமாக ஊசி போட்டார்கள். எதிர்பார்த்த கொள்ளைநோய் வரவே இல்லை. ஊசி போட்டவர்களில் ஏறத்தாழ ஒரு லட்சத்துக்கு ஒருவர் என்ற அளவில் கூடுதலாக கில்லன்-பாரே என்ற நரம்புத் தளர்ச்சி நோய் தெரிந்தது. திட்டம் டிசம்பரில் நிறுத்தப்பட்டது. இதை மறைத்துப் பாடம் நடத்தக் கூடாது என்பது என் கருத்து. நாம் சொல்லாவிட்டால் கைபேசி சொல்லும், அதுவும் திரித்துச் சொல்லும்.

ஊசி எவ்வளவு காக்கும்? வைரஸும் ஊசியும் பொருந்திய ஆண்டுகளில், ஃபுளூவால் மருத்துவரிடம் போக வேண்டிய வாய்ப்பை 40 முதல் 60 விழுக்காடு வரை குறைக்கும். பொருந்தாத 2014-15 பருவத்தில் அமெரிக்காவில் அது 19 விழுக்காடுதான். 50 விழுக்காடு என்றால் ஊசி போட்டவர்களில் பாதிப்பேருக்கு ஃபுளூ வரும் என்று பெரியவர்களே தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஊசி போடாத 1000 பேரில் 100 பேருக்கு வருவதாக வைத்துக்கொண்டால், ஊசி போட்ட 1000 பேரில் 50 பேருக்கு வரும். கரும்பலகையில் இரண்டு கட்டம் போட்டு இதைக் காட்டுங்கள். ஊசி போட்டபின் எதிர்ப்பொருள் உருவாக இரண்டு வாரம் ஆகும், சளியும் காய்ச்சலும் தரும் வேறு வைரஸ்கள் பல உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அந்த மாணவனின் தந்தை பள்ளிக்கு வந்தபோது அவரிடமும் இதைத்தான் சொன்னேன். பாட்டிக்கு வந்தது ஃபுளூவா வேறா என்று பரிசோதிக்காமல் யாரும் சொல்ல முடியாது. ஃபுளூவாகவே இருந்தாலும் அந்த ஊசியின் காப்பு முழுமையானது இல்லை என்பது உண்மைதான். ஆனால் ரணஜன்னியில் நம்மைத் தாக்கும் நஞ்சு ஆண்டுக்கு ஆண்டு வேடம் மாற்றுவதில்லை. அந்த ஊசி இந்த ஊசியைப் போன்றதில்லை. அவர் இரண்டு நாள் யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

இப்போது ஆய்வுகள் ஹீமக்ளூட்டினினின் தலையை விட்டுத் தண்டுப் பகுதியைக் குறிவைக்கின்றன. தண்டு அவ்வளவாக மாறுவதில்லை. அதை அடையாளம் காட்டும் ஊசி கிடைத்தால் ஆண்டுதோறும் போட வேண்டியிருக்காது என்பது எதிர்பார்ப்பு. கொரோனா காலத்தில் நாம் அறிந்த எம்.ஆர்.என்.ஏ. முறையிலும் ஃபுளூ ஊசிகள் சோதிக்கப்படுகின்றன. அதற்கு முட்டை வேண்டாம், காத்திருக்கும் மாதங்களும் குறையும். அந்தக் கொரோனா காலம் இன்னொன்றும் செய்தது. ‘பி’ வகை ஃபுளூவின் யமகட்டா என்ற கிளை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்குமே உறுதியாகத் தென்படவில்லை. நான்கு வைரஸ்கள் கொண்ட ஊசி மீண்டும் மூன்றாகக் குறைந்துவருவது அதனால்தான்.

நாணயம் சுண்டும் செயல்பாடு

புதிதாகப் பரவும் வைரஸ் பலநேரம் முட்டையில் நன்றாக வளராது. 1934-இல் பிரிக்கப்பட்ட பிஆர்8 என்ற பழைய வைரஸ் முட்டையில் கொழிக்கும். இரண்டையும் ஒரே முட்டையில் விட்டுத் துண்டுகளைக் கலக்கவிட்டார் கில்போர்ன். மேற்பரப்பு புதியதாகவும் விளைச்சல் பழையதாகவும் உள்ள வைரஸ் அவருக்குத் தேவை. 1970-களின் தொடக்கம் முதல் ஊசித் தயாரிப்பில் இம்முறை பயன்படுகிறது.

ஒவ்வொரு மாணவரும் எட்டுக் கட்டங்கள் வரைந்து 1 முதல் 8 வரை எண் இடட்டும். நான்காவது கட்டம் எச், ஆறாவது என். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒருமுறை நாணயத்தைச் சுண்ட வேண்டும். தலை விழுந்தால் பிஆர்8, பூ விழுந்தால் புதிய வைரஸ். மொத்தம் 256 சேர்க்கைகள் உண்டு. அவற்றில் இரண்டு பெற்றோரைப் போலவே இருக்கும், மற்ற 254-உம் புதியவை. இனி, “நான்காவதும் ஆறாவதும் பூவாக உள்ளவர்கள் மட்டும் எழுந்து நில்லுங்கள்” என்று சொல்லுங்கள். கில்போர்ன் இதை ஆய்வகத்தில் செய்தது பிஆர்8-இன் மேற்பரப்பைத் தடுக்கும் எதிர்ப்பொருளைச் சேர்த்துத்தான். பழைய எச் அல்லது என் உள்ளவை அதில் அடங்கிவிடும், மற்றவை பெருகும்.

நான்கில் ஒருவர் நிற்க வேண்டும் என்பது கணக்கு. 36 பேர் உள்ள என் வகுப்பில் 9 பேரை எதிர்பார்த்தேன், 11 பேர் எழுந்தார்கள். ஏன் 9 இல்லை என்ற சண்டை மணி அடித்தபிறகும் ஓயவில்லை. அடுத்த பாடவேளை கணக்கு. நிகழ்தகவை அந்தப் பதினொன்றிலிருந்தே தொடங்கிக்கொள்கிறேன் என்று கணித ஆசிரியர் கரும்பலகையை அழிக்க வேண்டாம் என்றார்.